மேஜையில் இருந்த உப்பு டப்பா மாயம்!

டார்ட்டில்லா ரோலில் உப்பைக் குறைக்கலாம், ருசி குறையாது

மெக்சிகோ நகரத்து ஓட்டல்களில் 2013-ம் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது.

சாப்பிட வந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கை வழக்கம் போல மேஜையின் நடுப்பக்கம் போயிற்று. அங்கே உப்பு டப்பாவைக் காணோம்!

யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. நகர அரசும் ஓட்டல் முதலாளிகளும் கலந்து பேசிச் செய்த ஏற்பாடு அது. "உப்பு வேணும்" என்று வாய் திறந்து கேட்டால் சர்வர் கொண்டு வந்து வைப்பார். கேட்காதவர்களுக்குக் கிடையாது. "உப்பு குறைவு, ஆரோக்கியம் அதிகம்" என்பது அந்த இயக்கத்தின் பெயர்.

எல்லாம் ரத்தக் கொதிப்புக்குப் பயந்துதான்!

அதோடு நிற்கவில்லை. 2020-ம் ஆண்டு அக்டோபர் முதல், உப்பு அதிகம் உள்ள உணவுப் பாக்கெட்டுகளின் முகப்பில் கறுப்பு நிறத்தில் எட்டு மூலை முத்திரை குத்த வேண்டும் என்று மெக்சிகோ அரசு சட்டம் போட்டது. "சோடியம் அதிகம்" என்று அதில் பளிச்சென்று எழுதியிருக்கும். படிக்கத் தெரியாத குழந்தைகூடக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

இந்த மெக்சிகோதான் டார்ட்டில்லாவின் தாய்வீடு. எழுதுவது டார்ட்டில்லா. அந்த ஊர்க்காரர்கள் வாயில் வருவது "டோர்ட்டியா". பார்த்தால் நம் சப்பாத்திக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும்.

யாருக்கு இந்தக் கவலை?

இப்படி ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம்.

மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். பேரனைப் பார்க்கச் சென்னையிலிருந்து அப்பாவும் அம்மாவும் போயிருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 68. ரத்தக் கொதிப்பு உண்டு. இருதயமும் சற்றுப் பலவீனம். புறப்படும்போதே டாக்டர் கண்டித்து அனுப்பியிருக்கிறார். "உப்பைக் குறைக்காவிட்டால் காலில் நீர் கோக்கும். மூச்சு வாங்கும். அப்புறம் ஆஸ்பத்திரிதான்."

அந்த ஊரில் சப்பாத்தி மாவு பிசைய எல்லோருக்கும் நேரம் இருப்பதில்லை. கடையில் டார்ட்டில்லா பாக்கெட் வாங்கி, சப்பாத்திக்குப் பதிலாகக் கல்லில் போட்டுச் சுடுவது நம்மவர் வீடுகளில் சகஜம். மருமகளும் அதைத்தான் செய்தாள். உள்ளே பன்றி இறைச்சித் துண்டு, சீஸ், சாஸ் வைத்துப் பேரனுக்குச் சுருட்டிக் கொடுத்தாள். தாத்தாவுக்கும் ஆசை வந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு சாப்பிடறேன்மா. மெல்லிசாத்தானே இருக்கு!"

அந்த ஒன்றில்தான் ஆபத்து!

ஒரே ரோல், முக்கால் நாள் உப்பு

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பெரியவர்கள் ஒரு நாளைக்கு 2,000 மில்லி கிராம் சோடியத்துக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பாகச் சொன்னால் 5 கிராம். அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. நோயாளிகள் சிலருக்கு டாக்டர்கள் இதிலும் குறைத்து 1,500 என்று எழுதிக் கொடுப்பது உண்டு.

கடையில் விற்கும் 10 அங்குல மைதா டார்ட்டில்லா ஒன்றில் ஏறக்குறைய 450 மில்லி கிராம் சோடியம். பதப்படுத்திய பன்றி இறைச்சி 2 துண்டில் சுமார் 550. பிளாஸ்டிக் தாள் சுற்றிய சீஸ் ஒரு தாளில் 270. பாட்டில் சாஸ் 2 டேபிள் ஸ்பூனில் 230.

கூட்டினால் 1,500!

கம்பெனிக்குக் கம்பெனி இந்த அளவு கூடும், குறையும். ஆனாலும் ஒரே வேளையில், ஒரே ரோலில், ஒரு நாள் கணக்கில் முக்கால் பங்கு தீர்ந்துவிடுகிறது. டாக்டர் 1,500 என்று எழுதிக் கொடுத்தவருக்கோ முழுக் கணக்கும் காலி. இத்தனைக்கும் யாரும் உப்பு டப்பாவைத் தொடவே இல்லை!

அமெரிக்க இருதய சங்கம் "உப்பு மிகுந்த ஆறு" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ரொட்டி, பீட்சா, சாண்ட்விச், பதப்படுத்திய இறைச்சி, சூப் ஆகியவற்றோடு அதில் இடம் பிடித்திருப்பது பரிட்டோவும் டாக்கோவும். இரண்டுமே டார்ட்டில்லாவில் வைத்துத் தின்பவை. மடித்தால் டாக்கோ, சுருட்டினால் பரிட்டோ.

2017-ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கர்கள் 450 பேரின் சாப்பாட்டை ஆராய்ந்தார்கள். அவர்கள் உடம்பில் சேர்ந்த சோடியத்தில் சுமார் 70 சதவீதம் பாக்கெட் உணவிலும் ஓட்டல் உணவிலும் இருந்து வந்தது. வீட்டுச் சமையலில் போட்டதும் மேஜையில் தூவியதும் சேர்ந்து சுமார் 10 சதவீதம்தான்.

நம் ஊரில் கதை வேறு. இங்கே சமையலறை உப்புதான் பெரும்பங்கு. ஆனால் சென்னைக் கடைகளிலும் இப்போது டார்ட்டில்லா பாக்கெட் வந்துவிட்டது. தெருவுக்குத் தெரு ரோல் கடை இருக்கிறது. அந்தக் கவலையும் கூடவே வந்துவிட்டது.

சோளமா? மைதாவா?

டார்ட்டில்லாவில் இரண்டு ஜாதி உண்டு.

பழையது மக்காச்சோள டார்ட்டில்லா. சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து ஊறப்போட்டு, தோலைக் கழுவி, அரைத்து, தட்டிச் சுடுவார்கள். மெக்சிகோ மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்து வரும் முறை இது. சுண்ணாம்பில் ஊறுவதால் சோளத்தில் அடைபட்டுக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்புக்குக் கிடைக்கிறது. முக்கியமான சங்கதி, இதற்கு உப்பே தேவையில்லை. சிறிய சோள டார்ட்டில்லா ஒன்றில் சோடியம் 10 மில்லி கிராம் அளவுதான் இருக்கும்.

இன்னொன்று மைதா டார்ட்டில்லா. கோதுமையை ஸ்பானியர்கள் கொண்டு வந்த பிறகு வந்தது. இதில் உப்பும் போடுகிறார்கள், மெதுமெதுவென்று வரப் பேக்கிங் பவுடரும் போடுகிறார்கள். அந்தப் பவுடரில் இருக்கும் சோடா உப்பும் சோடியம்தான். வீட்டில் ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு ஒரு டீஸ்பூனில் 1,200 மில்லி கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. நாக்கில் உப்புக் கரிக்காது. உடம்பு மட்டும் கணக்கில் எழுதிக்கொள்ளும்!

ஆகவே உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் சோள டார்ட்டில்லா வாங்குவது நல்லது. அது உடைந்து போகிறது என்றால் இரண்டை ஒன்றாக அடுக்கி, சூடான கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வளைந்து கொடுக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். கோதுமை மாவை உப்பில்லாமல் வெந்நீரில் பிசைந்து போட்ட சப்பாத்தியே போதும்.

2 வாரம், 2 மாதம்!

உப்பைக் குறைத்தால் உடம்பில் என்ன நடக்கும்? இதற்கு ஒரு பழைய கதை உண்டு.

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியில் இருந்து தப்பி அமெரிக்காவுக்குப் போனவர் டாக்டர் வால்டர் கெம்ப்னர். டியூக் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். 1939-ல் ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு ஒரு பத்தியம் கொடுக்க ஆரம்பித்தார். சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. உப்பு அடியோடு கிடையாது. அந்தக் காலத்தில் ரத்தக் கொதிப்புக்குச் சரியான மாத்திரை இல்லை. முற்றிப்போனால் சாவுதான்.

1942-ல் ஒரு பெண் நோயாளியிடம், "2 வாரம் இதைச் சாப்பிட்டுவிட்டு வா" என்றாராம் டாக்டர். அவர் பேசிய ஜெர்மன் வாடை கலந்த இங்கிலீஷ் அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் புரியவில்லை. "2 மாதம்" என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்தபோது டாக்டரே அசந்து போனார். ரத்த அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. வீங்கிய இருதயமும் சுருங்கியிருந்தது என்று சொல்கிறார்கள்.

அந்தக் கடும் பத்தியத்தை இன்று யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. டாக்டர் கண்காணிப்பில் நடந்தது அது. ஆனால் உப்புக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உள்ள உறவை உலகத்துக்குக் காட்டியவர்களில் அவரும் ஒருவர். 2001-ல் 412 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய "டேஷ் சோடியம்" ஆய்வும் அதையே உறுதி செய்தது. உப்பு குறையக் குறைய அழுத்தமும் இறங்கியது.

உள்ளே என்ன வைக்கலாம்?

உப்பின் இடத்தை நிரப்ப நாலு பேர் வேண்டும். புளிப்பு, காரம், வாசனை, சுட்ட மணம். நாலும் மெக்சிகோ சமையலில் தாராளமாகவே இருக்கின்றன. எலுமிச்சை, மிளகாய், சீரகம், கொத்தமல்லி, பூண்டு எல்லாம் நம் வீட்டிலும் இருப்பவைதான்.

கறுப்பு பீன்ஸ்: ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் உப்பில்லாமல் குழைய வேகவையுங்கள். வெங்காயமும் பூண்டும் எண்ணெயில் சிவக்க வதக்கி, வறுத்துப் பொடித்த சீரகம் போட்டு, பீன்ஸைச் சேர்த்து மசியுங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியவேண்டும். டின்னில் வாங்கினால் "உப்பு சேர்க்காதது" என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் டின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயடியில் நன்றாக அலசினாலே சுமார் 40 சதவீதம் சோடியம் போய்விடும்.

கோழி: ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகாய்த் தூள், சீரகத்தூள் தடவி 2 மணி நேரம் ஊறவையுங்கள். வேகவைக்காமல் வாட்டி எடுக்க வேண்டும். ஓரம் கருகினால்தான் மணம். பிறகு நார்நாராகப் பிய்த்துப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: அமெரிக்கக் கடைகளில் எடைக்காகவும் மிருதுவுக்காகவும் உப்பு நீர் ஏற்றிய கோழியும் விற்கிறது. லேபிளைப் படித்து வாங்க வேண்டும்.

முட்டை: ஒரு முட்டையில் இயற்கையாகவே 70 மில்லி கிராம் சோடியம் இருக்கிறது. அதனால் தனியாக உப்பு கேட்காது. குடைமிளகாய், வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, முட்டையை உடைத்துக் கிளறி, கொத்தமல்லி தூவினால் காலை டிபனுக்கு ஆச்சு.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு: சிறு துண்டாக நறுக்கி, எண்ணெய், மிளகாய்த்தூள் புரட்டி, கல்லில் மொறுமொறுவென்று சுட்டு எடுங்கள். புகையில் காயவைத்த மிளகாய்ப் பொடி மெக்சிகோவில் பிரசித்தம். அதற்குச் "சிப்போட்லே" என்று பெயர். ஒரு சிட்டிகை போட்டால் விறகடுப்பில் சமைத்த மணம் வரும். கிழங்கின் இனிப்புக்கு அந்தக் காரம் நல்ல ஜோடி.

மீன்: புதிய மீனாக இருக்கட்டும். டின் மீனும் கருவாடும் வேண்டாம். மிளகுத்தூள், பூண்டு தடவிக் கல்லில் சுட்டு, மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோசும் எலுமிச்சையும் சேர்த்துச் சுருட்டுங்கள். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா கடற்கரையில் மீன் டாக்கோ ரொம்பப் பேர் போனது.

வெண்ணெய்ப் பழம்: நன்றாகப் பழுத்ததை மசித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை கலந்தால் அதுதான் "குவாக்கமோலே". பாதிப் பழத்தில் சோடியம் 10 மில்லி கிராம்கூட இல்லை.

சேவல் அலகு!

பாட்டில் சாஸ் வேண்டாம் என்றால் வறட்டி மாதிரி இருக்குமே என்று பயப்பட வேண்டாம்.

தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லியைப் பச்சையாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் ஒரு தொடுகறி கிடைக்கும். மெக்சிகோவில் இதற்கு "பிக்கோ தே கய்யோ" என்று பெயர். அர்த்தம் என்ன தெரியுமா? சேவலின் அலகு!

இன்னொரு வழியும் உண்டு. தக்காளி, பூண்டு, மிளகாயை எண்ணெய் விடாமல் கல்லில் போட்டுத் தோல் கருகும்வரை சுட்டு, அம்மியிலோ மிக்சியிலோ கொரகொரப்பாக அரைக்க வேண்டும். நம் சுட்ட தக்காளிச் சட்னிதான். உப்பு இல்லாத குறையைக் கருகல் மணம் மறைத்துவிடும்.

சீஸ் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு சுவிஸ் சீஸ் தேவலை. 28 கிராமில் சுமார் 55 மில்லி கிராம்தான். செடார் என்றால் 180. அதற்கும் பதில் கெட்டித் தயிர் இரண்டு ஸ்பூன் போட்டால் இன்னும் நல்லது.

மொத்தக் கணக்கு: சோள டார்ட்டில்லா 2, கோழி 60 கிராம், பீன்ஸ், வெண்ணெய்ப் பழம், சேவல் அலகு, தயிர். எல்லாம் சேர்த்து 100 மில்லி கிராமுக்குள் அடங்கிவிடும். கடை ரோலில் 1,500. வீட்டு ரோலில் 100!

லேபிளில் ஏமாறாதீர்கள்

அமெரிக்கப் பாக்கெட்டில் "சோடியம் குறைவு" என்று போட்டால் ஒரு பரிமாறும் அளவில் 140 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அது சட்டம். ஆனால் "சோடியம் குறைக்கப்பட்டது" என்று போட்டால் வேறு அர்த்தம். அதே சரக்கின் வழக்கமான அளவில் இருந்து 25 சதவீதம் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சோயா சாஸ் ஒரு டேபிள் ஸ்பூனில் சுமார் 900. குறைத்த பிறகும் 500, 600 நிற்கும்!

டாக்கோ மசாலா பாக்கெட்டும் அப்படித்தான். மிளகாயும் சீரகமும் இருப்பதாக நினைத்து வாங்கினால் கூடவே உப்பும் வரும். தனித்தனிப் பொடியாக வாங்கி வீட்டில் கலப்பதே மேல். வினிகரில் ஊறிய மிளகாயிலும் உப்பு உண்டு.

மாற்று உப்பு: உஷார்!

"உப்புக்குப் பதில் பொட்டாசியம் உப்பு போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வெளியாயிற்று. கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2025-ல் உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு இந்த வகை உப்பைச் சிபாரிசு செய்தது.

ஆனால் எல்லோருக்கும் அல்ல. கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் அந்தச் சிபாரிசு பொருந்தாது. சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் சேரும். இருதயமே நின்றுபோகும் அபாயம் உண்டு. ரத்தக் கொதிப்புக்கும் இருதயத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் சில, பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாற்று உப்பைத் தொடக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பீன்ஸ், வெண்ணெய்ப் பழம், சர்க்கரைவள்ளி, தக்காளி எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். மற்றவர்களுக்கு அது நல்லது. சிறுநீரக நோயாளிகளுக்கு அது விஷமாகலாம். அவர்கள் கோழி, முட்டை, முட்டைக்கோஸ், குடைமிளகாய் ரோல் பக்கம் போவது நல்லது. அதிலும் அளவு டாக்டர் சொன்னபடிதான்.

நாக்குக்குத் தவணை

முதல் வாரம் எல்லாம் சப்பென்றுதான் இருக்கும். அது நாக்கின் பழக்கம். விடாமல் குறைத்துச் சாப்பிட்டால் சில வாரங்களில், அதிகம் போனால் இரண்டு மூன்று மாதங்களில் நாக்கு பழகிவிடும். அப்புறம் பழைய ஓட்டல் சாப்பாடு வாயில் வைத்தால் கரிக்கும்.

அந்த அமெரிக்க வீட்டுக்கு வருவோம்.

முதல் நாள் சோள ரோலைக் கடித்த பெரியவர் முகத்தைச் சுளித்தார். "வைக்கோல் மாதிரி இருக்கேம்மா. அந்த ஊறுகாய் பாட்டிலை இப்படித் தள்ளு."

மருமகள் தள்ளவில்லை. எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்தாள். தக்காளியைக் கல்லில் சுட்டு அரைத்தாள். கோழியை ஓரம் கருக வாட்டினாள். ஒரு மாதம் ஓடிற்று. காலில் வீக்கம் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. பேரனோடு பூங்கா வரை நடந்து போய்விட்டு வருகிறார்.

அன்று ராத்திரி இரண்டாவது ரோலை எடுத்தவரைப் பார்த்து மருமகள் கேட்டாள்:

"உப்பு டப்பா எடுத்துட்டு வரட்டுமா மாமா?"

"அது எதுக்கும்மா? எலுமிச்சம்பழம் இன்னொரு மூடி இருந்தா பிழி."